குழிக்குள் அழுத கேலிக்காரன்

ரூவு,
9 மார்ச் 1983

சுமைதூக்கிக் குலத்தில் பிறந்த மிஹாயோவுக்கு, கொண்டோ மகள் சிகுதானி எழுதுவது.

'இங்கு அனைவரும் நலம்' என்று தொடங்க வேண்டும் என முதியோர் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதிவிட்டேன். உன் உடம்பு எப்படி? எப்படி இருந்தால் எனக்கென்ன, முறைக்குக் கேட்டேன்.

என் மகன் ஷொமாரியை அடக்கம் செய்து இருபத்தாறு நாள் ஆகிறது. நீ அன்று செய்ததை இருபத்தாறு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். கரையவில்லை.

உன் பாட்டன்மார் தபோராவிலிருந்து யானைத் தந்தம் சுமந்து கடற்கரைக்குப் போகும் வழியில் எங்கள் ஸராமோ ஊர்களில் தண்ணீர் குடித்தார்கள். அன்றைக்கு விழுந்த கேலிமுறை இது. எங்கள் வீட்டில் சாவு என்றால் நீங்கள் வந்து குழிக்குள் குதித்துப் படுக்க வேண்டும். "இது என் எடம், எந்திரிக்க மாட்டேன்" என்று கத்த வேண்டும். ஒரு கோழி கொடுத்து உங்களை எழுப்புவோம். பிறகு செத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் மாதிரியே நடந்து காட்ட வேண்டும். ஒப்பாரி வைக்கிறவள் பாதியில் சிரிக்க வேண்டும். இல்லையென்றால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டுச் சாவுக்கு நாங்கள் வந்து இதையே செய்வோம்.

என் வீட்டுக்காரர் சாவில் நீதான் வந்தாய். அப்போது நீ இங்கே தண்டவாளக் கூலி. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, "ஏ சிகுதானி, டீயில சக்கரையா போட்ட, இல்ல கோவத்தையா?" என்று அவர் குரலிலேயே கேட்டாய். சிரித்துச் சிரித்து என் தொண்டை திறந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழவே வந்தது.

இந்த முறை, பென்ஷன் காகிதத்துக்காகத் தாருஸ்ஸலாம் வந்தவன் செய்தி கேட்டு ஓடிவந்தாய் என்று சந்தோஷப்பட்டேன். குழியில் இறங்கினாய். படுத்தாய். ஊரே காத்து நின்றது. உன் வாயிலிருந்து வந்தது அழுகை. சத்தம் போட்டு அழுதாய். நாலு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. என் நாத்தனார் சௌசிகு என் காதில் சொன்னாள்: "என்னண்ணி இது, கேலிக்காரனே அழுவுறான். நாம யாரப் பாத்து சிரிக்கிறது?"

அன்றிலிருந்து எனக்குச் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. திரும்பி வந்து ஒழுங்காகச் செய்துவிட்டுப் போ. உடம்பைப் பார்த்துக்கொள். அதுவரை நீ சாகக்கூடாது.

சிகுதானி

*

தபோரா,
2 ஏப்ரல் 1983

மரவள்ளி நடச் சோம்பல்பட்டு மத்தளம் தட்டும் குலத்துச் சிகுதானிக்கு, மிஹாயோ எழுதுவது.

நான் நலம். உன் மூட்டுவலி எப்படி? மருமகள் மிவானைதியும் பேத்தி தத்தூவும் நலமா? பேத்திக்குப் பல் விழுந்துவிட்டதா?

நீ கோபப்படுவது நியாயம். அன்று குழியில் மண் தூசி கண்ணில் விழுந்துவிட்டது. கண் கலங்கியதும் மூக்கும் சேர்ந்துகொண்டது. வயசாகிவிட்டது, வேறொன்றுமில்லை.

இங்கே மழை விட்டுவிட்டது. என் வீட்டு உள்ளறையில் தேனீக்கள் வந்து கூடு வைத்திருக்கின்றன. கலைக்க மனசு வரவில்லை. கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். மத்தியானத்தில் சுவரில் காதை வைத்தால் யாரோ மெதுவாகப் பாடம் சொல்வது போல இருக்கிறது. அப்படியே தூங்கிப்போகிறேன்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

மிஹாயோ

*

ரூவு,
20 ஏப்ரல் 1983

பொய் சொல்லத் தெரியாத மிஹாயோவுக்கு, சிகுதானி.

மூட்டு இருக்கிறது. பேத்திக்கு இரண்டு பல் விழுந்தது. உன் இடுப்பு எப்படி?

தூசியா? அடக்கத்துக்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்து இருட்டும்வரை மழை. குழியில் கணுக்கால் அளவு சேறு. உன்னைத் தூக்கினபோது உன் முதுகு முழுக்கச் சேறு, இடது செருப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டது, சௌசிகு மகன் இறங்கி எடுத்துத் தந்தான். எனக்கு எழுத்துதான் குறைவு, ஞாபகம் குறைவில்லை. எந்தத் தூசி உன் கண்ணில் விழுந்தது?

சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. என் மகனைப் போல் கேலிக்கு வசதியானவன் யார்? ரூவுவில் உள்ள தென்னைமரம் அத்தனையும் ஏறினவன் வீட்டு வாசல் மரத்திலிருந்து விழுந்தான். "எல்லா மரத்துலயும் ஏறக் கத்துக்கிட்ட, எறங்க மட்டும் மறந்துட்டியாடா?" என்று கேட்டிருக்கலாம். அவன் காதைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். காற்றடித்தால் அந்தக் காதுக்கே பறந்துவிடுவான் என்று அவன் அப்பாவே சொல்வார். முப்பத்தொரு வயசிலும் அடைக்கோழிக்குப் பயந்து சுற்றிப்போவான். இவ்வளவையும் தட்டில் வைத்துக் கொடுத்தேன், நீ தொடவில்லை.

அதனால்தான் அவன் இன்னும் இறங்கவில்லை, மிஹாயோ. மத்தியானத்தில் மரத்தடியில் பாய் போட்டு உட்காருகிறேன். நிழல் நகர்கிறது, நானும் பாயை நகர்த்துகிறேன். கொஞ்ச நேரத்தில் முற்றமெல்லாம் தண்ணீர் ஏறிவிடுகிறது. சத்தமில்லாத தண்ணீர். பானைகள் மிதக்கின்றன. பேத்தியின் செருப்பு மிதக்கிறது. என் நெஞ்சுவரை வந்து அங்கேயே நிற்கிறது. ஏறவும் மாட்டேன் என்கிறது, வடியவும் மாட்டேன் என்கிறது. மேலே பார்த்தால் மட்டைகளுக்கு நடுவில் அவன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "எறங்குடா, சோறு ஆறுது" என்கிறேன். சீட்டி அடிக்கிறான்.

வா. உடம்பைப் பார்த்துக்கொள்.

சிகுதானி

பி.கு. இதுவரை உன் கடிதமெல்லாம் உன் மகள் நியாமிஸி கையால் எழுதி வரும். முத்து முத்தாக இருக்கும். இது யார் கிறுக்கினது? டீச்சரம்மாவுக்குக் கை சுளுக்கிக்கொண்டதா?

*

ரூவு,
11 மே 1983

மதிப்புக்குரிய மிஹாயோ மாமாவுக்கு, ஷொமாரியின் மனைவி மிவானைதி ஸலாம் சொல்லி எழுதுவது. தாங்கள் நலம்தானே?

அத்தைக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நான் புருஷன் போனவள் இருக்கும் இத்தாவில் இருக்கிறேன், கெடு முடியும்வரை வாசல் தாண்ட முடியாது. ஜன்னல் வழியாகத்தான் அவரைப் பார்க்கிறேன். விடிந்ததும் மரத்தடிக்குப் போனால் பொழுது சாயத்தான் எழுந்திருக்கிறார். முற்றத்தைத் தாண்டி எங்கும் போவதில்லை. சோற்றை இரண்டு தட்டில் போடச் சொல்கிறார். மேலே பார்த்துப் பேசுகிறார். தத்தூவும் இப்போது மேலே பார்த்து, "அப்பா, எறங்கு" என்கிறாள்.

அத்தையின் மூத்த மகன், என் பெரியத்தான், மரத்தை வெட்ட ஆள் கூட்டிவந்தார். அத்தை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மொதல்ல என்ன வெட்டு, அப்புறம் இத" என்றார். அத்தான் பயந்துவிட்டார். நோன்புப் பெருநாள் போனதும் பட்டணத்தில் மனநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவதாக முடிவு செய்திருக்கிறார். அங்கே கொண்டுபோய்ப் பூட்டினால் அவர் திரும்பி வரமாட்டார், மாமா.

ஒருவேளை நீங்கள் வந்து சிரிக்கவைத்தால் அழுதுவிடுவார். அழுதுவிட்டால் போதும்.

உடல்நலம் பேணவும்.

மிவானைதி

*

தபோரா,
29 மே 1983

சிகுதானிக்கு, மிஹாயோ.

நலம். உன் நலமறிய ஆவல்.

ஜூன் பதினொன்றாம் தேதி வண்டியில் வருகிறேன். அவன் சட்டை ஒன்றை எடுத்து வை. உன் மகனின் மானத்தை வாங்கிவிட்டுத்தான் கிளம்புவேன்.

நீ எழுதிய அந்தத் தண்ணீர் எனக்குப் புரிகிறது. இங்கே தண்ணீர் இல்லை, சாக்குக்கட்டித் தூள். எங்கே உட்கார்ந்தாலும் வெள்ளையாகப் படிகிறது. தட்டினால் கையில் ஒன்றுமில்லை.

மிஹாயோ

*

ரூவு,
13 ஜூன் 1983

மிஹாயோவுக்கு.

நோன்பு தொடங்கிவிட்டது. நோன்பு வாயால் யாரையும் திட்டக்கூடாது. அதனால் எழுதித் திட்டுகிறேன்.

நாலு மாதத்தில் முதல் தடவையாக முற்றத்தைத் தாண்டி ஸ்டேஷனுக்கு வந்தேன். கையில் அவனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டை. வண்டி கனவில் வருவது போல வந்தது, சத்தம் பின்னால் வந்தது. பதினோரு பேர் இறங்கினார்கள். ஒரு பெண்பிள்ளை கையில் வாத்து. ஒரு சிப்பாய். ஒருவன் தையல் மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு. நீ இல்லை. வண்டி போன பிறகும் நின்றேன். ஸ்டேஷன் மாஸ்டர், "யாரத் தேடுற பாட்டி?" என்றான். "என்ன அவமானப்படுத்த ஒருத்தன் வரேன்னான், அவனத் தேடுறேன்" என்றேன். நகர்ந்து போய்விட்டான்.

என் கல்யாணத்தில் பிலாவு வேகவில்லை என்று சொன்ன பெரியம்மாவோடு அவள் சாகும்வரை பேசவில்லை. நாற்பத்திரண்டு வருஷம். உனக்கு எவ்வளவு என்று இன்னும் கணக்குப் போடவில்லை.

பெருநாள் முடிந்ததும் என் பெரியவன் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறானாம். எனக்குத் தெரியாதென்று நினைக்கிறார்கள்.

நியாமிஸி எப்படி இருக்கிறாள்? ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'எழுதிக்கொடுத்தவளின் ஸலாமும்' என்று போடுவாள். இரண்டு கடிதமாக அது இல்லை. அவளும் உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டாளா? நல்ல பெண்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத மாட்டேன்.

சிகுதானி

*

தபோரா,
2 ஜூலை 1983

சிகுதானிக்கு.

நலம்.

ஸ்டேஷன்வரை போனேன். வண்டி நின்றது. படியில் ஒரு காலை வைத்தேன். கார்டு விசில் ஊதினான். இன்னொரு கால் வரவில்லை. என்னை மன்னித்துவிடு.

நியாமிஸி தூங்குகிறாள். எழுப்ப வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

மிஹாயோ

*

ரூவு,
19 ஜூலை 1983

மிஹாயோ,

பெருநாள் போய்விட்டது. பெரியவனிடம் பத்து நாள் தவணை வாங்கியிருக்கிறேன், தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லி. இந்தப் பத்து நாளில் நீ பதில் எழுதியாக வேண்டும் என்றில்லை. நான் சொல்வதை மட்டும் கேள்.

மரத்தடியில் உட்கார்ந்து அந்த அடக்கத்தை முதலிலிருந்து நடக்கவிட்டுப் பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் என் மகனை மட்டுமே பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை உன்னைப் பார்த்தேன்.

உன் தலைமுடி எப்போதும் காதை மூடிப் புதராகக் கிடக்கும். அன்று இரண்டு மாசத்துப் புல்லாக இருந்தது. பேன் தொல்லையோ என்று நினைத்தேன். உங்கள் ஆட்கள் எதற்குத் தலை மழிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

நீ வந்ததும், "மவ எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "மழ வரும்போல" என்றாய்.

நியாமிஸி கையால் வந்த கடைசிக் கடிதம் போன வருஷம் நவம்பரில். அதில், பள்ளிக்கூடத்தில் தேர்வு முடிந்ததும் அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கப் போகிறோம் என்று அவளாக ஒரு வரி சேர்த்திருந்தாள். பிப்ரவரியில் உன் கண்ணில் அதே உடைந்த கண்ணாடி, நூல் சுற்றியது.

உன் மகள் தூங்கவில்லை, மிஹாயோ.

நான் நினைத்தது தப்பென்றால் என்னைத் திட்டி நாலு பக்கம் எழுது. சந்தோஷமாக வாசிப்பேன்.

சிகுதானி

*

தபோரா,
27 ஜூலை 1983

சிகுதானி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ரயில் கார்டு கையில் கொடுத்தனுப்புகிறேன். முறைகெட்டு 'அக்கா' என்று எழுதிவிட்டேன். இன்றைக்கு மட்டும்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி. மூன்று நாள் காய்ச்சல். இருபத்தெட்டு வயசு. அவளைப் பெற்ற அன்றே அவள் அம்மா போய்விட்டாள், உனக்குத் தெரியும். ஒரே பிள்ளை.

இங்கே ரயில்வே குடியிருப்பில் உங்கள் ஸராமோ ஆட்கள் மூன்று வீடு. அவர்கள் முறை தவறவில்லை. மத்தளத்தோடு வந்தார்கள். ஒருத்தி அவள் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, "யாருப்பா அங்க பேசுறது?" என்று அவளைப் போலவே கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு தொண்டைவரை வந்தது. சிரித்துவிட்டால் அவள் செத்துப்போனது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. உலக்கையை எடுத்துக்கொண்டு அவர்களை விரட்டினேன். கேலிமுறையை அடித்து விரட்டினவன் நான். அன்றிலிருந்து அந்த மூன்று வீடும் என்னிடம் பேசுவதில்லை. அவள் பேரையும் நான் வாயால் சொன்னதில்லை. உனக்குச் சொல்லியனுப்பவில்லை. சொன்னால் நீ வந்துவிடுவாய், சிரிக்கவைத்துவிடுவாய்.

ஷொமாரியின் குழி எனக்கு அளவெடுத்தது போல இருந்தது. படுத்ததும் மேலே வானம் ஒரு சின்னப் பலகை மாதிரி. உங்கள் சத்தமெல்லாம் தூரத்தில் போய்விட்டது. அவன் காதைப் பற்றி ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் பேர் வந்தது. அதை விழுங்கினேன். அழுகை வந்தது.

உன் மகனுக்குச் செய்ய வேண்டியதை என் மகளுக்குச் செய்துவிட்டேன். கெட்டது இரண்டு பேர் சாவும். நீ எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பேசாமல் இரு.

ஆஸ்பத்திரிக்குப் போகாதே, அக்கா.

மிஹாயோ

*

தபோரா,
16 ஆகஸ்ட் 1983

என் மருமகள் மிவானைதிக்கு அத்தை எழுதுவது. நீயும் பேத்தியும் நலமா? நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம் என்று எழுதுகிறேன்.

சொல்லாமல் வண்டி ஏறினதற்குத் திட்டாதே. சொல்லியிருந்தால் உன் பெரியத்தான் ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிட்டிருப்பான். நான் எங்கே என்று கேட்டால், ஒருவனைத் திட்டப் போயிருக்கிறேன் என்று சொல். நம்புவான்.

ஒரு பகலும் மறுபகலும் வண்டியில். வெளியே காய்ந்த காடு ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஓடுகிறேனா, காடு ஓடுகிறதா என்று தெரியவில்லை. எனக்குள் கோபம் மட்டும் தெளிவாக இருந்தது. எட்டு மாசமாக எனக்குச் சேர வேண்டிய ஒரு சாவை ஒளித்துவைத்திருக்கிறான்!

வாசலிலேயே ஆரம்பித்தேன். "டேய் சுமைகாரா! செத்த வீட்டுல கேலிக்காரிக்கு ஒரு தாக்கல் இல்ல! ஒரு பொணத்தக்கூட ஒழுங்கா அனுப்பத் தெரியாத நீயெல்லாம் என்ன தந்தம் தூக்கின குலம்?" தெருவே வந்துவிட்டது. அவன் கதவருகில் நின்றான். எலும்புதான் நின்றது. "சத்தம் போடாத சிகுதானி" என்றான். "சத்தம் போடத்தான் வந்தேன், வழிய விடு" என்றேன்.

ஆனால் உள்ளே போய் உட்கார்ந்ததும் எனக்கே திகைப்பு. அந்தப் பெண்ணின் கையெழுத்துதான் எனக்குத் தெரியும். முகம் தெரியாது. தெரியாதவளை எப்படிக் கேலி செய்வது? "ஒம் மவகிட்ட என்ன கொற?" என்றேன்.

"ஒரு கொறயும் இல்ல."

"கொறயே இல்லாத பொண்ணா? அப்ப நீ பெத்தது பொண்ணில்லடா, கடையில மாட்டுற காலண்டர் படம். அதுக்கா இவ்ளோ அழுக?"

நான் கிளம்புவது போல எழுந்தேன். அப்போது சொன்னான், "பொறந்தப்ப முதுகெல்லாம் முடி. குரங்குக்குட்டி மாதிரி."

"யாருக்கு?"

உதட்டை அசைத்தான். சத்தம் வரவில்லை. மறுபடி அசைத்தான். "நியாமிஸிக்கு."

அவ்வளவுதான். நான் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு, இந்த மூட்டுவலியை வைத்துக்கொண்டு, அவன் கூரைக் கம்பைப் பிடித்துக் குரங்குக்குட்டியாகத் தொங்கினேன். அவன் சிரித்தான். சிரிப்பு நடுவில் கிழிந்து அழுகையாகிவிட்டது. தரையில் உட்கார்ந்து அழுதான். நானும் இறங்கி அழுதேன். நியாமிஸிக்காகத்தான் ஆரம்பித்தேன். எந்த இடத்தில் ஷொமாரி வந்தான் என்று தெரியாது. இருட்டும்வரை அழுதேன், மிவானைதி. மூக்கு வீங்கிவிட்டது.

மறுநாள் அந்த மூன்று ஸராமோ வீட்டாரும் எட்டிப் பார்த்தார்கள். "என்ன வேடிக்க? வந்து ஒக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்கள்.

இப்போது காலையில் கஞ்சி குடித்ததும் தொடங்குகிறோம். அவன் ஒவ்வொரு குறையாகச் சொல்லச் சொல்ல நான் நடித்துக் காட்ட வேண்டும். இரண்டு வயசில் மண் தின்றாளாம். நாலு வயசில் பக்கத்து வீட்டு ஆட்டுக்குத் தலைவாரி விட்டாளாம். ஒன்றையும் விட மாட்டேன் என்கிறான். பதினைந்து நாளாகியும் அவளுக்கு நேற்றுத்தான் ஏழு வயசு முடிந்தது. இருபத்தெட்டு ஆகும்வரை நான் வர முடியாது.

அது முடிந்ததும் ஷொமாரி. அவனை இவன் நடிக்கப் போகிறான். பத்தொன்பது வயசில் உன்னைக் கட்டும்வரை உள்ளது என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் தாயிடம் காட்டாத குறைகளெல்லாம் உன்னிடம்தான் இருக்கும். வெட்கப்படாமல் எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. நல்ல குணம் ஒன்றுகூட வேண்டாம்.

பேத்திக்கு முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை
சிகுதானி